ஸ்பேனருக்கு மறுபூஜை

பிறர் கையை எதிர்பாராமல் தன் வாகனத்தைத் தானே கழற்றிக்கொள்ளும் மனிதனே முழுச் சுதந்திரம் பெற்றவன். இந்த உண்மையை உலகம் ஒருநாள் உணரத்தான் போகிறது. திண்டுக்கல் நத்தம் ரோட்டிலிருந்து பிரியும் எங்கள் தெரு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டு ஆயுத பூஜையன்றே உணர்ந்துவிட்டது.

அன்று காலை தண்டாயுதபாணி வீட்டு வாசலில் நடந்த 'இரு சக்கர வாகன இல்லப் பராமரிப்பு மன்ற'க் கூட்டத்திற்கு வந்திருந்தோரும் அமர்ந்த இடமும் வருமாறு: தலைவர் மொக்கைச்சாமி, பூட்டுப் பட்டறை நடத்தி ஓய்ந்தவர், அந்த வீட்டின் ஒரே கைவைத்த நாற்காலியில், கிழக்குப் பார்த்து. பொருளாளர் பொன்னுத்துரை, புகையிலைக் கடைக்காரர், கவிழ்த்த வாளியின் மேல். வாகன உரிமையாளர் தண்டாயுதபாணி, வாகனத்தின் சீட்டின் மேல். சீட்டு அப்போது வாகனத்தின் மேல் இல்லை, தரையில் இருந்தது. செயலாளராகிய நான், முக்காலியில், மடியில் எழுதும் அட்டையோடு. தண்டாயுதபாணியின் மனைவி யுவராணிக்கு இருக்கை ஒதுக்கப்படவில்லை. அவர் நிலைப்படியில் நின்றார். தாயார் மாயக்காள் அம்மாள் உள்ளே சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்ததால் 'வரவில்லை' என்றே பதிவாயிற்று. அவருடைய சத்தம் மட்டும் வந்திருந்தது.

மன்றம் பிறந்த வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதத்தில் தண்டாயுதபாணியின் மோட்டார் சைக்கிள் இருமத் தொடங்கியது. ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு, "இஞ்சினை இறக்கணும், ஒரு வாரம் கிடக்கட்டும்" என்றார். ஒரு வாரமா! தலைவர் கொதித்தார். "ஒரு காலையில நாமளே முடிக்கிற சோலிக்கு ஒரு வாரமா, மாப்ள?" என்று கேட்டார். அன்றே மன்றம் உதயமாயிற்று. அந்த ஒரு காலை ஆடியில் தொடங்கியது, புரட்டாசி வந்தும் நடந்துகொண்டிருந்தது. இடையிடையே வண்டி ஓடவும் செய்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பெரும்பாலும் பஜார் பக்கம் போகும்போது ஓடும். வரும்போது தள்ளப்படும்.

இனி அன்றைய கூட்டத்தின் பொருள். சாணார்பட்டிப் பக்கம் ஓர் இங்கிலீஷ் மீடியம் நர்சரிப் பள்ளி புதிதாக வருகிறது. மறுநாள் விஜயதசமி, காலை எட்டு மணிக்கு விளக்கேற்றித் திறப்பு. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலை வாய்ப்பு அலுவலகக் கார்டுக்காக வருஷக்கணக்கில் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்த யுவராணிக்கு அங்கே டீச்சர் வேலை சொல்லியிருந்தார்கள். ஆனால் பள்ளியின் கரஸ்பாண்டெண்ட், கடலை மில் வைத்திருப்பவர், கறாராக ஒரு வார்த்தை சேர்த்திருந்தார்: "வெளக்கேத்துறப்ப டீச்சர் பக்கத்துல நிக்கணும்மா. நிக்கலேன்னா எங் கொழுந்தியா மக நிப்பா. அவளும் பத்தாவது எழுதியிருக்கா."

"நான் மொத பஸ்ஸுல போயிர்றேங்க" என்றார் யுவராணி, நிலைப்படியிலிருந்து.

தண்டாயுதபாணி சீட்டிலிருந்தே நிமிர்ந்தார். "வீட்ல மோட்டார் சைக்கிள வச்சுக்கிட்டு பொண்டாட்டிய பஸ்ஸுல அனுப்புனா ஊர் என்ன சொல்லும்?"

"நேரத்துக்குப் போயிட்டாளேன்னு சொல்லும்."

இந்தக் கருத்து கூட்டத்தின் பொருளோடு தொடர்பற்றது என்பதால் பதிவு செய்யப்படவில்லை. மறுநாள் காலை ஒரே உதையில் வண்டி கிளம்பும்படி இன்றே அதை முழுமையாகக் கழற்றித் துடைத்து மாட்டி, மாலையில் பூஜை போடுவது என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நிலைப்படியில் நிற்பவர்களுக்கு ஓட்டு கிடையாது.

பணி தொடங்கியது. ஒவ்வொரு உறுப்பினரும் தம் வாழ்நாள் அனுபவத்தைக் கொண்டுவந்தார். தலைவருக்கு உலகத்திலுள்ள எல்லா இயந்திரமும் பூட்டுதான். "தொறந்துட்டா போதும் மாப்ள, தன் ரகசியத்தத் தானே சொல்லிரும்" என்பார். எந்தத் துளையைக் கண்டாலும் சாவிக்கொத்தை எடுத்து ஒன்றை நுழைத்துப் பார்ப்பார். பொருளாளர் புகையிலையை மோந்தே தரம் சொல்பவர். எனவே கார்பரேட்டரை மோந்தார், பிளக்கை மோந்தார், செயினைக் கையில் ஏந்தி கண்ணை மூடி மோந்தார். "சரக்கு நல்ல சரக்கு. வெயில் பத்தல" என்றார். செயின் உடனே வெயிலில் காயப் போடப்பட்டது.

உள்ளேயிருந்து மாயக்காள் அம்மாளின் சத்தம் வந்தது. "ஏலே! ரேசன் சீமெண்ணெ எங்கலே?"

ரேஷன் சீமெண்ணெய் முழுவதும் வாசலில் ஒரு தாம்பாளத்தில் இருந்தது. அதில் நட்டும் போல்ட்டும் நீந்திக்கொண்டிருந்தன.

"நாட்டுக்காக ஆத்தா!" என்று தண்டாயுதபாணி பதில் அனுப்பினார்.

"நாட்டுல ஒல கொதிக்குமாலே?"

மதியத்திற்குள் அந்த மோட்டார் சைக்கிளில் கழற்றக்கூடியது எதுவும் மிச்சமில்லை. சாக்கின் மேல் பாகங்கள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒரு வண்டிக்குள் இம்புட்டு சாமான் இருக்கிறதா என்று தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. தலைவர் வந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டி, பெயர் தெரிந்தவற்றுக்குப் பெயரும், தெரியாதவற்றுக்குப் பெருமையும் சொன்னார். "இனி மாட்டுறது ஒண்ணும் பெரிசில்ல. கழட்டுனத திருப்பிப் போட்டா அதான் மாட்டுறது" என்றார். இதைவிடச் சுருக்கமாக இத்துறையை யாரும் விளக்கிவிட முடியாது.

அந்த நேரத்தில்தான் மாயக்காள் அம்மாள் நெற்றி நிறைய விபூதியோடு, சந்தனக் கிண்ணமும் சூடத்தட்டும் ஏந்தி வாசலுக்கு வந்தார்.

"எந்திரிங்க எல்லாம். நல்ல நேரம் முடியப் போகுது."

"அத்தை, வண்டியை மாட்டிறட்டும். சாயங்காலம் கும்புட்டுக்கலாமே" என்றார் யுவராணி.

"சாயங்காலம் நேரம் இல்லத்தா. நேரம் என்ன ஒம் புருசனுக்காக நிக்குமா?"

யுவராணி தலைவரைப் பார்த்தார். "மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க."

தலைவர் ஆழ்ந்து யோசித்தார். "பிரிச்சுக் கெடந்த பூட்டுக்கும் நாங்க பட்டறையில பூசை போட்டிருக்கோம் மருமகளே. சாமிக்கு எல்லாம் ஒண்ணுதான்."

பூஜை மிகச் சிறப்பாக நடந்தது. வேறெந்த ஊரிலும் ஒரு மோட்டார் சைக்கிள் இத்தனை பொட்டு வாங்கியிருக்காது என்று நினைக்கிறேன். முழு வண்டியாக நின்றிருந்தால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று முடிந்திருக்கும். எங்கள் மன்றத்தின் உழைப்பால் ஒவ்வொரு நட்டுக்கும் தனித்தனியே சந்தனமும் குங்குமமும் கிடைத்தன. கார்பரேட்டரின் வாய்க்குள் மாயக்காள் அம்மாள் விரல்விட்டு, "உள்ள இருக்கிற சாமிக்கு" என்று கெட்டியாக ஒரு பொட்டு வைத்தார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும் சடங்கில் மட்டும் சிறு சிக்கல் ஏற்பட்டது. சக்கரம் தனியாக இருந்தது. பொருளாளர் அதைக் கையால் உருட்டிப் பழத்தின் மேல் ஏற்றினார். பழம் உருண்டு ஓடியது. கடைசியில் சக்கரத்தின் சார்பாகத் தலைவர் பழத்தை மிதித்தார்.

சூடம் அணைந்தது. பொரியும் சுண்டலும் வழங்கப்பட்டன. தண்டாயுதபாணி கையைத் துடைத்துக்கொண்டு ஸ்பேனரை எடுக்கக் குனிந்தார்.

"தொடாதலே!"

மாயக்காள் அம்மாளின் சத்தத்தில் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"சாமிகிட்ட வச்ச ஆயுதத்த மறுபூசை போடாம தொடுவியா? நாளைக்கி விடியட்டும்."

மன்றம் வாழையிலையைப் பார்த்தது. ஸ்பேனர், திருப்புளி, குறடு, சுத்தியல், தலைவரின் சாவிக்கொத்து உட்பட எல்லாம் சந்தனப் பொட்டோடு, அரிவாள்மனைக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில், வாழையிலை மேல் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன.

பக்கத்துப் பட்டறைகளில் கேட்கலாம் என்று பொருளாளர் சைக்கிளை எடுக்கப் போனார். சைக்கிளுக்கும் அவர் வீட்டில் பொட்டு வைத்துவிட்டார்கள். நடந்தே போய்த் திரும்பி வந்தார். "பட்டறை பூராம் வாழக்கன்னு கட்டிச் சாத்திக் கெடக்கு. லேத்துக்காரன் மொகத்துக்கு நேரா சொல்றான், 'ஸ்பேனர் சாமிகிட்ட இருக்கு அப்பு, வேணும்னா சாமிகிட்ட கேளு'ங்கிறான்."

மன்றத்தின் தொலைநோக்கை இங்கேதான் போற்ற வேண்டும். வருஷத்தில் ஒரே ஒரு நாள் எங்கள் ஊரில் எவனும் ஸ்பேனரைத் தொட மாட்டான். வண்டியைக் கழற்ற நாங்கள் தேர்ந்தெடுத்தது அந்த நாள்.

மாற்று வழிகள் விவாதிக்கப்பட்டன. துணியைச் சுற்றித் தொட்டால் தொட்டதாகுமா என்று பொருளாளர் கேட்டார். ஆகும் என்றார் மாயக்காள் அம்மாள். கையாலேயே நட்டை முறுக்கினால்?

"நட்டும் சாமிகிட்டதானலே இருக்கு!"

"ஒருத்தரும் ஒண்ணையும் தொட வேணாம்" என்றார் யுவராணி. "நான் மொத பஸ்ஸுல போறேன். எனக்கு இந்த வேல வேணும். இத விட்டா எனக்கு வேற இல்ல."

கடைசி இரண்டு வாக்கியங்களும் மெதுவாகத்தான் வந்தன. தண்டாயுதபாணி எழுந்து மனைவி அருகே போனார். "எம் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார். கல்யாணமான எந்தப் பெண்ணும் தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது பதில் சொல்ல முடியாத கேள்வி இது. அவர் சொல்லவில்லை. மௌனம் சம்மதமாகப் பதிவு செய்யப்பட்டது.

மறுநாள் பொழுது பொலபொலவென்று விடியும்போது மறுபூஜை முடிந்தது. மாயக்காள் அம்மாள், "ம், எடுங்க" என்று உத்தரவு கொடுத்தார். யுவராணி சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை கட்டி, தோளில் பையோடு நிலைப்படியில் தயாராக நின்றார். முதல் பஸ் நத்தம் ரோட்டில் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது எல்லோர் காதிலும் விழுந்தது.

மாட்டும் பணி மின்னல் வேகத்தில் நடந்தது.

"இது எதுக்குள்ள போகும் மாமா?"

"எதுக்குள்ள போகுதோ அதுக்குள்ள விடு மாப்ள."

"போகல."

"அப்ப அது அதோடது இல்ல."

சந்தனம் இரவோடு இரவாகக் காய்ந்து, மரைகளுக்குள் சிமெண்டுபோல் இறுகியிருந்தது. இதனால் நட்டுகள் முன்னெப்போதும் இல்லாத உறுதியோடு நின்றதாகத் தலைவர் பாராட்டினார். எல்லாம் முடிந்தபோது சாக்கின் மேல் ஒரு கைப்பிடி சாமான் மீதி இருந்தது. இதைக் குறை என்று சிலர் சொல்லக்கூடும். தலைவர் விளக்கினார்: "வேணும்னா அதுக்குன்னு வண்டில ஒரு எடம் காலியா இருக்கும்ல? எங்கயாச்சும் காலியா இருக்கா, பாரு. இல்ல. அப்ப வேணாம்னுதான அர்த்தம்?" மீதிச் சாமான் 'உபரி' என்று வகைப்படுத்தப்பட்டுக் காலி பவுடர் டப்பாவில் சேமிக்கப்பட்டது.

தண்டாயுதபாணி கிக்கரை உதைத்தார். மறுபடி உதைத்தார். தலைவர் உதைத்தார். பொருளாளர் டேங்க் மூடியைத் திறந்து மோந்துவிட்டு உதைத்தார். நெடுநேரத்துக்குப் பின் இஞ்சின் ஒருமுறை முக்கியது. சைலன்சர் வழியாக மெல்லிய புகை வந்தது. அதில் சந்தன வாசனை இருந்தது. மாயக்காள் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மணியைப் பாருங்க" என்றார் யுவராணி. "ரெண்டாவது பஸ்ஸும் போயிருச்சுன்னா நான் அங்க போயி நின்னு என்ன செய்ய?"

"தள்ளுனா புடிச்சிரும்" என்றார் தலைவர். "ஏறு மருமகளே."

யுவராணி எங்கள் மூவரையும் பார்த்தார். தெருக்கோடியைப் பார்த்தார். அங்கேதான் பஸ் ஸ்டாப். பிறகு பின்னால் ஏறி அமர்ந்தார். அந்த முகத்தில் நான் கண்டது மன்றத்தின் மேல் கொண்ட நம்பிக்கை என்றே அப்போது எழுதிவைத்தேன்.

தண்டாயுதபாணி கிளட்சைப் பிடித்தபடி முன்னால். தலைவர், பொருளாளர், நான் மூவரும் பின்னால். "தள்ளு! தள்ளு!" தெரு சற்றுச் சரிவு. வண்டி வேகம் பிடித்தது. கிளட்சை விட்டார், குலுங்கியது. பிடித்தார், விட்டார். நாங்கள் தலையைக் குனிந்து, தரையை மட்டும் பார்த்து, உயிரைக் கொடுத்துத் தள்ளினோம். நத்தம் ரோட்டில் திரும்ப வேகம் குறைந்தபோது ஒரு பஸ் பக்கத்தில் வந்து நின்ற சத்தம் கேட்டது. அதைக் கவனிக்க நேரமில்லை. ஏனென்றால் அதே நொடியில் வண்டி சட்டென்று இலேசாகிவிட்டது.

"புடிச்சிருச்சு மாப்ள!" என்று தலைவர் கத்தினார். "இஞ்சின் இழுக்குது!"

"பெட்ரோல் வாசம் வருது!" என்றார் பொருளாளர். வந்தது அப்போதுதான் கடந்து போன பஸ்ஸின் டீசல் புகை.

அந்த உற்சாகத்தில் பாலம் வரை தள்ளினோம். அங்கேதான் தண்டாயுதபாணி, "சேலைய நல்லா ஒதுக்கிக்க யுவராணி, இனி ஸ்பீடா போவேன்" என்று திரும்பிப் பார்த்தார். பின் சீட்டில் யாரும் இல்லை.

"அண்ணே... யுவராணி எங்கண்ணே?"

"வுழுந்திருச்சோ?" என்றார் பொருளாளர்.

அந்த மனிதரின் முகம் அப்போது போன போக்கை எழுத என் பேனாவுக்குத் தெரியவில்லை. வண்டியைப் போட்டது போட்டபடி வந்த வழியே ஓடினார். நாங்களும் ரோட்டின் இரண்டு பக்கமும் வேலிக்குள் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே ஓடினோம். பஸ் ஸ்டாப் டீக்கடைக்காரர்தான் மறித்தார்.

"என்னத்தத் தேடுறீக?"

"எம் பொண்டாட்டிய!"

"அந்தத் தங்கச்சி அப்பவே பஸ்ஸுல ஏறிப் போயிருச்சே. நீங்க ஸ்டாப் வரைக்கும் கொண்டாந்து விட்டீகல்ல? நல்லா விட்டீகய்யா."

தண்டாயுதபாணி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். "வெளக்கு ஏத்துறதுக்குள்ள போயிருக்குமாண்ணே?" என்று என்னிடம் கேட்டார். ஆடி மாதத்திலிருந்து அவர் வண்டியைப் பற்றி அல்லாமல் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

யுவராணி சாயங்காலம் வந்தார். மன்றம் முழு பலத்தோடு வாசலில் காத்திருந்தது. நாற்காலியைத் தலைவர் தாமாகவே எழுந்து கொடுத்தார்.

விளக்கேற்றும்போது யுவராணி ஒரு பக்கம் நின்றிருக்கிறார். கரஸ்பாண்டெண்டின் கொழுந்தியா மகளும் தலை நிறைய பூ வைத்து மறுபக்கம் நின்றிருக்கிறார். பிள்ளைகளின் விரலைப் பிடித்துத் தட்டிலிருந்த பச்சரிசியில் 'ஏ' போடச் சொல்லிக்கொடுத்தது யுவராணிதான். சேலை மடிப்பில் இன்னும் இரண்டு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப வேல ஒனக்குத்தான்?" என்றார் தண்டாயுதபாணி.

"இன்னும் இல்ல. 'இன்னைக்கு வந்துட்ட, தெனமும் நேரத்துக்கு வருவேன்னு வீட்டுக்காரர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா'ன்னுட்டாரு. அந்தப் பொண்ணு இன்னும் ஆபீஸ் ரூம்லதான் ஒக்காந்திருக்கா." என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்க எழுதுனா நல்லாருக்கும். செத்த எழுதிக் குடுங்க."

கடிதம் எழுதுவதென்றால் நான் எந்த நேரமும் தயார். அட்டையை மடியில் வைத்தேன். தண்டாயுதபாணி தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லத் தொடங்கினார்: "ஐயா, என் மனைவியை நாள்தோறும் என் சொந்த மோட்டார் சைக்கிளில்..."

"அதப் போட்டீகன்னா வேல போயிரும்" என்றார் யுவராணி.

"என்னது?"

"எதுல வாரேன்னு கேட்டாரு. பஸ்ஸுன்னேன். வீட்ல வண்டி கெடையாதான்னாரு. இருக்குன்னேன். மனுசனுக்கு மொகமே மாறிப் போச்சு. அவரு வீட்டு வண்டியையும் மச்சினன் பொங்கல்ல பிரிச்சானாம். இன்னும் கூடத்துலதான் கெடக்காம். 'ஒன்னையும் வண்டில கொண்டாந்து விடுறேம்பாங்களே, அப்ப நீ எப்படிம்மா வந்து சேருவ?'ன்னு கேக்குறாரு."

தலைவர் தொடர்பில்லாமல் வானத்தைப் பார்த்தார். தண்டாயுதபாணி மனைவியைப் பார்த்தார், சேலை மடிப்பில் இருந்த அரிசியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அவ சொல்றபடியே எழுதுங்கண்ணே. நான் கையெழுத்துப் போடுறேன்."

எழுதினேன்:

'பெருமதிப்பிற்குரிய ஐயா, என் மனைவி திருமதி யுவராணி நாள்தோறும் முதல் பஸ்ஸில் புறப்பட்டு, பள்ளி மணி அடிக்கும் முன் வந்து சேருவார். எங்கள் வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் இருப்பது பற்றித் தாங்கள் கவலைகொள்ள வேண்டாம். அவ்வாகனம் எக்காலத்திலும் ஓடும் நிலைக்கு வராது. ஏனெனில் அதன் பராமரிப்புப் பொறுப்பை எங்கள் மன்றமே தொடர்ந்து வகித்து வரும் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறோம்.'

தண்டாயுதபாணி கையெழுத்திட்டார். தலைவரும் பொருளாளரும் சாட்சிக் கையெழுத்திட்டார்கள். யுவராணி ஒருமுறை வாசித்துவிட்டுத் தலையசைத்தார். கவரில் போட்டு, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி, மன்றத்தின் முத்திரையைக் குத்தி, மறுநாள் விடிகாலை முதல் பஸ்ஸில் அவர் கையிலேயே அனுப்பிவைத்தோம். எங்கள் மன்றம் கொடுத்த உறுதிமொழிகளிலேயே அந்த வீட்டுப் பெண் முழுசாக நம்பியது அது ஒன்றைத்தான்.